சாவி கைமாறிய பின்னும் வேலை இருக்கிறது: டப்ளின் தேசியக் குழந்தைகள் மருத்துவமனைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டப்ளினின் குழந்தைகள் மருத்துவமனைகளை நடத்தும் சில்ட்ரன்ஸ் ஹெல்த் அயர்லாந்து வாரியத்துக்கும், அவற்றை ஒன்றாக்கும் புதிய மருத்துவமனையின் கட்டுமானத்தை நடத்தும் தேசியக் குழந்தைகள் மருத்துவமனை மேம்பாட்டு வாரியத்துக்கும்,

வணக்கம்.

மருத்துவமனைக் காற்றோட்டம், தண்ணீர்க் குழாய், மருந்தகம், குழந்தைகள் தீவிர சிகிச்சை ஆகிய வேலைகளில் இருக்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். டப்ளின் வார்டுகளில் இந்தியாவிலிருந்து வந்த நர்ஸுகள் பலர். அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும், அயர்லாந்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களும் படித்து, உங்களிடம் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கட்டடத்தின் சாவி உங்கள் கைக்கு வரும் நாளுக்கும், அங்கே முதல் குழந்தை படுக்கும் நாளுக்கும் இடையே ஒதுக்கியிருக்கும் மாதங்களில் ஒரு வாரத்தைக்கூடக் குறைக்காதீர்கள். ஒப்பந்தக்காரர் தாமதம் செய்த நாட்களை அந்த மாதங்களிலிருந்து பிடித்து ஈடுகட்டாதீர்கள்.

டப்ளினின் கிரம்ளின், டெம்பிள் ஸ்ட்ரீட், டாலாட் ஆகிய மூன்று குழந்தைகள் மருத்துவமனைகளையும் ஒன்றாக்குவது சரிதானா என்ற வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. சரிதான். இதய அறுவை கிரம்ளினிலும் மூளை நரம்பு அறுவை டெம்பிள் ஸ்ட்ரீட்டிலுமாகப் பிரிந்து கிடந்தால், இரண்டும் தேவைப்படும் குழந்தையை ஆம்புலன்ஸில் ஊருக்குக் குறுக்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சுமார் 50 லட்சம் பேர் வாழும் நாட்டில் அரிய நோய்களுக்கான வல்லுநர்கள் மிகச் சிலரே. அவர்களை இரண்டு கூரைகளின் கீழ் பிரித்து வைத்தால் இரவுப் பணிப் பட்டியலே நிரம்பாது. 2006-இல் வந்த ஆய்வறிக்கை ஒரே மருத்துவமனை வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுதான். அதன்பின் மேட்டர் மருத்துவமனை வளாகம் தேர்வானது, 2012 பிப்ரவரியில் திட்ட அனுமதி மறுக்கப்பட்டது, அதே ஆண்டு நவம்பரில் செயின்ட் ஜேம்ஸ் மருத்துவமனை வளாகம் முடிவானது, 2016-இல் அனுமதி கிடைத்தது. 2017-இல் 98.3 கோடி யூரோ என்று ஒப்புதல் பெற்ற செலவு, 2018 இறுதியில் 143.3 கோடியாகி, 2024-இல் 224 கோடியைத் தொட்டது. 2022-இல் முடிய வேண்டிய வேலையின் தேதி பத்து தடவைக்கும் மேல் தள்ளிப்போனது. இந்தக் கதையால் மக்களுக்கு வந்திருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம்தான் இப்போது ஆபத்து. 'இன்னும் ஏன் திறக்கவில்லை?' என்று நாடாளுமன்றத்திலும் வானொலியிலும் கேட்கக் கேட்க, கட்டடத்தைச் சோதிக்க வைத்திருக்கும் காலத்தை நறுக்கத்தான் எல்லோருக்கும் கை நீளும்.

முதலில் காற்று. எடின்பரோவில் 2019 ஜூலையில், புதிய குழந்தைகள் மருத்துவமனைக்கு நோயாளிகளை மாற்ற இன்னும் சில நாட்களே இருந்தபோது, ஸ்காட்லாந்து சுகாதார அமைச்சர் திறப்பை நிறுத்தினார். தீவிர சிகிச்சை அறைகளில் மணிக்கு 10 முறை காற்று மாற வேண்டும். அங்கே 4 முறைதான் மாறியது. விசிறியில் பழுதில்லை, குழாயில் அடைப்பில்லை. பல ஆண்டுகளுக்கு முன் தயாரித்த அறைவாரி அட்டவணை ஒன்றில் 4 என்று விழுந்திருந்தது. அட்டவணையில் இருந்த எண்ணே வடிவமைப்புக்குள் போய், குழாயாகவும் சுவராகவும் மாறிவிட்டது. இப்படிப்பட்ட பிழையைக் கட்டியவரின் சோதனை பிடிக்காது. அவர் ஒப்பந்தத்தில் உள்ளபடி கட்டினாரா என்றுதான் அது பார்க்கும், அந்த ஒப்பந்தமே சரியா என்று பார்க்காது. கட்டடம் பிப்ரவரியிலேயே கைமாறி, அதற்கான மாதத் தவணையும் தனியார் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முழுதாகத் திறந்தது 2021 மார்ச்சில்.

ஆகவே வடிவமைத்தவரும் கட்டியவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர், ஒப்பந்த அட்டவணையைக் கையில் எடுக்காமல், நேராகத் தரநிலையை வைத்துக்கொண்டு அறை அறையாக அளக்க வேண்டும். கணக்கு எளிது. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் கொண்ட ஓர் அறையின் கொள்ளளவு 54 கன மீட்டர். மணிக்கு 10 முறை மாற வேண்டுமானால் 540 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 150 லிட்டர். கூரைத் துவாரத்தில் அளவுக் கூம்பை வைத்துப் பார்க்கும்போது 60 லிட்டர் காட்டினால் அதுதான் எடின்பரோ. ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு சிகிச்சை அறைக்கும் கொடுங்கள்.

உங்கள் கட்டடத்தில் 2024-இல் 22 ஆபரேஷன் தியேட்டர்களில் 11-இன் கூரைக் காற்றுத் துவாரங்களைத் திருத்த வேண்டி வந்தது. திருத்தியது நல்லது. ஆனால் கூரையைத் திறந்த பிறகு அந்த அறையை மட்டும் மறுபடி அளந்தால் போதாது. ஒரே காற்று இயந்திரத்தில் தொங்கும் பக்கத்து அறைகளின் பங்கும் மாறியிருக்கும். ஒரு கிளையில் தடையைக் குறைத்தால் இன்னொரு கிளையில் காற்று குறையும். எந்த இயந்திரத்தைத் தொட்டார்களோ அதன் கீழ் உள்ள எல்லா அறைகளையும் திரும்ப அளக்க வேண்டும். கூரைக்கு மேல் கிளம்பிய தூசியில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வித்து இருக்கும் என்று வைத்துக்கொண்டே துப்புரவையும் செய்ய வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றிய குழந்தைக்கு அந்த வித்து உயிருக்கு உலை வைக்கும். மஜ்ஜை அறைகளில் கதவை மூடி அழுத்த அளவியைப் பார்ப்பதோடு நிற்காமல், கதவிடுக்கில் புகைக்குழலைப் பிடித்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் பாருங்கள். அளவி பொய் சொல்லும் நாட்கள் உண்டு.

தண்ணீர் இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் யாரும் தொடாமல் விட்டால்தான் அது கெடுகிறது. குளிர்நீர் 20 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரி, சுற்றி வரும் குழாயில் 55-க்குக் குறையாமல். இடைப்பட்ட வெதுவெதுப்பில், நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி பெருகும். குழந்தையின் கை வெந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு கைகழுவும் தொட்டியிலும் 41 டிகிரிக்குக் கலந்து தரும் வால்வு இருக்கும். அந்த வால்வுக்கும் குழாய் வாய்க்கும் நடுவே உள்ள ஒரு சாண் நீளத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே தேங்கி நிற்கும். சூடோமோனாஸ் கிருமி படலம் கட்டும் இடம் அதுதான்.

உங்களிடம் 380 தனியறைகள் இருக்கின்றன. அறைக்குள் ஒரு தொட்டி, குளியலறைக்குள் ஒரு தொட்டி, ஒரு ஷவர் என்று குறைந்தது மூன்று வாய் வைத்தால் 1,140. ஒவ்வொன்றையும் 3 நிமிடம் திறந்துவிட்டால் ஒரு சுற்றுக்கு 57 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு சுற்று என்றால் 114 மணி நேரம். படுக்கை அறைகளுக்கு மட்டுமே மூன்று பேர் முழுநேரமாக வேண்டும். தியேட்டர், வெளிநோயாளிப் பிரிவு, சமையலறை எல்லாம் இதில் சேரவில்லை. இந்த மூவரின் பெயர் உங்கள் பணிப் பட்டியலில் இருக்கிறதா? கட்டடம் பகுதி பகுதியாகக் கைமாறும்போது, 'இன்னும் உங்கள் பொறுப்பு' என்று ஒப்பந்தக்காரரும் 'ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டீர்கள்' என்று மருத்துவமனையும் சொல்லிக்கொண்டிருக்கும் வாரங்களில்தான் குழாய்கள் திறக்கப்படாமல் கிடக்கும். எந்தத் தளத்தை எந்தத் தேதி வரை யார் திறந்துவிடுவது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நேரம், வெப்பநிலை, திறந்தவர் பெயர் மூன்றும் பதிவாக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2015-இல் குழந்தைகள் மருத்துவமனை திறந்தது. தண்ணீர் அமைப்பில் பெரும் ஆபத்து இருக்கிறது என்ற மதிப்பீட்டறிக்கை அதே ஆண்டில் தயாரானது. அதன் மேல் உரிய நடவடிக்கை வராமலே ஆண்டுகள் போயின. 2018-இல் புற்றுநோய்க் குழந்தைகளின் வார்டுகளைக் காலி செய்து பெரியவர்கள் கட்டடத்துக்கு மாற்றினார்கள். அந்த வார்டுகள் திரும்பத் திறந்தது 2022-இல். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இன்னொரு விதம். புதிய குழந்தைகள் மருத்துவமனையின் குடிநீரில் 2016-இல் ஈயம் தென்பட்டது. பித்தளை இணைப்புகளிலிருந்து கசிந்தது என்பதே முதன்மையான விளக்கம். 2018 மே வரை திறக்க முடியவில்லை. ஆனால் பெர்த்தில் குழந்தைகள் வருவதற்கு முன்பே கண்டுபிடித்தார்கள். கிளாஸ்கோவில் குழந்தைகள் படுத்திருந்தபோது கண்டுபிடித்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் நாங்கள் கேட்கும் அந்த மாதங்களில் இருக்கிறது.

வாயுக் குழாய்க்கு ஒரு பத்தி போதும், ஆனால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சிட்னியின் பேங்க்ஸ்டவுன் மருத்துவமனையில் 2016-இல், 'ஆக்சிஜன்' என்று எழுதியிருந்த வாயிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வந்தது. பிறந்த குழந்தைகளுக்கு மூச்சு கொடுக்கும் இடம் அது. ஒரு குழந்தை இறந்தது, இன்னொன்றின் மூளை பாதிக்கப்பட்டது. குழாய்களை மாற்றிக் கோத்திருந்தார்கள், ஆனால் சரிபார்த்ததாகச் சான்றிதழ் இருந்தது. ஒரு வாயுவை மட்டும் திறந்து, மற்ற எல்லாக் குழாய்களையும் அழுத்தமின்றி வைத்து, கட்டடத்தின் ஒவ்வொரு வாயையும் திறந்து பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வாயிலும் வாயு ஆய்வுக் கருவியை வைத்து எண்ணைக் குறிக்க வேண்டும். கையெழுத்திடுபவர் கருவியின் எண்ணைத் தானே பார்த்தவராக இருக்க வேண்டும். மின்சாரமும் அப்படியே. மொத்தக் கட்டடத்தின் மின் இணைப்பையும் துண்டித்து, ஜெனரேட்டர் பிடிக்கிறதா, எந்த பிளக் உயிரோடு இருக்கிறது, எந்தக் கதவு பூட்டிக்கொள்கிறது என்று பார்க்கும் சோதனையைக் காலிக் கட்டடத்தில்தான் மனமாரச் செய்ய முடியும்.

இனி நாங்கள் அதிகம் கவலைப்படும் இடம். சில்ட்ரன்ஸ் ஹெல்த் அயர்லாந்து என்ற பெயரில் மூன்று மருத்துவமனைகளும் 2019 ஜனவரி முதல் ஒரே நிர்வாகம். ஆனால் பெயர்ப்பலகை ஒன்றானதும் வழக்கம் ஒன்றாகிவிடாது. ஒரு மார்ஃபின் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 50 மில்லிலிட்டரில் கலப்பது ஒரு வழக்கம். அப்படிக் கலந்தால் மணிக்கு 1 மில்லிலிட்டர் என்பது எந்தக் குழந்தைக்கும் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். நர்ஸின் மனதில் '1 என்றால் 20' என்று பதிந்திருக்கும். எடை எதுவானாலும் ஒரே செறிவு என்பது இன்னொரு வழக்கம். அதே நர்ஸ், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள சிரிஞ்சை 10 கிலோ குழந்தைக்கு '1' என்று வைத்தால் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் போகும். ஐந்து மடங்கு. மூச்சு நின்றுவிடும். யாரும் கவனக்குறைவாக இல்லை. இரண்டு வழக்கத்திலும் பழகிய நர்ஸுகள் அவரவர் மருத்துவமனையில் சரியாகத்தான் கற்றார்கள்.

மருந்துச் செறிவுகள், பம்புக்குள் ஏற்றும் மருந்துப் பட்டியல், அவசர ட்ராலியில் எந்த இழுப்பறையில் எது, அவசர அழைப்புக்கு எந்த எண் ஆகியவற்றையெல்லாம் புதிய கட்டடத்துக்குப் போகும் நாளில் மாற்றாதீர்கள். பழைய கட்டடங்களிலேயே, குறைந்தது மூன்று மாதம் முன்னதாக, ஒன்றாக்கிவிடுங்கள். ஒரு மனிதர் ஒரே நாளில் புதிய அறை, புதிய கணினி, புதிய பம்ப், புதிய சக ஊழியர் நான்கையும் சமாளிக்க முடியாது. கணினியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம்: மின்னணு நோயாளிப் பதிவேட்டைப் புதிய கட்டடத்தோடு சேர்த்துத் தொடங்குவதானால், முதல் இரண்டு வாரம் வெளிநோயாளி எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மூன்று இடத்திலும் மூன்று எண்ணோடு இருக்கும் ஒரே குழந்தையின் ஒவ்வாமைக் குறிப்புகளை, மென்பொருள் தானாகச் சேர்க்கும் என்று விட்டுவிடாமல் மருந்தாளர் ஒருவர் கண்ணால் பார்த்துச் சேர்க்கட்டும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, ஐரிஷில் இன்னொன்று, தமிழ்க் குழந்தையானால் அப்பா பெயர் ஒரு இடத்தில் முன்னே இன்னொரு இடத்தில் பின்னே. இரட்டைக் குழந்தைகள் என்றால் குழப்பம் இன்னும் கூடும்.

டெம்பிள் ஸ்ட்ரீட் ஆய்வகம் தனிக் கவனம் பெற வேண்டியது. அயர்லாந்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 72 முதல் 120 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தப் பொட்டு அங்கேதான் வருகிறது. ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட பிறப்புகள் என்றால், நாளுக்கு சுமார் 140 அட்டைகளாவது வரும். அயர்லாந்தின் நாடோடி மரபுச் சமூகமான டிராவலர் சமூகத்துக் குழந்தைகளுக்கு, பாலில் உள்ள சர்க்கரையை உடல் ஏற்காத கேலக்டோசீமியா நோய் அதிகம் காணப்படுவதால், பிறந்தவுடனேயே தனிப் பரிசோதனை நடக்கிறது. முடிவு வரும்வரை அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடையாது, சோயாப் பால்தான். ஆய்வகம் ஒரு நாள் நின்றால் ஒரு தாய் ஒரு நாள் பால் கொடுக்காமல் காத்திருப்பார். ஆகவே அந்த இயந்திரங்களைப் பெயர்த்து எடுத்துப் போகக் கூடாது. புதிய இடத்தில் இன்னொரு தொகுதியை நிறுவி, ஒரே அட்டையை இரண்டு இடத்திலும் சில வாரங்கள் ஓட்டி, எண்கள் ஒத்துப்போன பிறகே பழையதை அணைக்க வேண்டும்.

இடம்பெயரும் நாளுக்கு வருகிறோம். தூரம் சில கிலோமீட்டர்தான் என்று யாரும் சொல்ல வேண்டாம். கணக்கு படுக்கையிலிருந்து படுக்கைக்கு. 10 கிலோ குழந்தைக்கு மூக்கு வழி உயர்வேக ஆக்சிஜன் கிலோவுக்கு 2 லிட்டர் வீதம் நிமிடத்துக்கு 20 லிட்டர் போகிறது என்று வையுங்கள். 460 லிட்டர் சிலிண்டர் 23 நிமிடத்தில் காலி. வார்டிலிருந்து கிளம்பி, லிஃப்டில் இறங்கி, ஆம்புலன்ஸில் ஏற்றி, சாலையைக் கடந்து, புதிய லிஃப்டில் ஏறிச் சுவரில் சொருகும்வரை 45 நிமிடம் என்றால் 900 லிட்டர். இரட்டிப்பாக வைப்பதே விதி: 1,800 லிட்டர், நான்கு சிலிண்டர். புதிய லிஃப்ட் நடுவழியில் நின்றால்கூடக் குழந்தைக்கு மூச்சு இருக்கும். வென்டிலேட்டர், பம்புகள், மானிட்டர், நான்கு சிலிண்டர், கூட நிற்கும் இருவர் என எல்லாவற்றோடும் கட்டில் அந்த லிஃப்டுக்குள் நுழைகிறதா என்று பொம்மையைப் படுக்க வைத்து இரவிலும் பகலிலும் ஓட்டிப் பாருங்கள். ரத்த வங்கிக் கதவு இரவுப் பணி மருத்துவரின் அட்டைக்குத் திறக்கிறதா என்பதும் அப்போது தெரியும்.

கிரம்ளின், டெம்பிள் ஸ்ட்ரீட் ஆகிய இரண்டு பெரிய மருத்துவமனைகளையும் ஒரே வாரத்தில் நகர்த்தாதீர்கள். மருந்தகமும் ஆய்வகமும் ரத்த வங்கியும் முதலில், பிறகு ஒரு மருத்துவமனை. புதிய தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டு வாரம் தடுமாறாமல் ஓடிய பிறகு அடுத்தது. தாய்மார் கறந்து உறைய வைத்த பாலை மறந்துவிடாதீர்கள். வழியில் உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்க முடியாது, பெயர் மாறினால் இன்னும் மோசம். அதற்கென்று ஒரு பெட்டி, ஒரு வெப்பமானி, ஒரு நர்ஸ். பழைய அவசரப் பிரிவின் வாசலில் திறப்புக்குப் பின்னும் ஆறு வாரம் ஒரு மருத்துவரும் ஒரு ஆம்புலன்ஸும் நிற்க வேண்டும். கிரம்ளின் 1956-இலிருந்து அங்கே இருக்கிறது. வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோர் பழகிய வாசலுக்குத்தான் வருவார்கள்.

தனியறை பற்றி ஒரு வார்த்தை. தொற்றுக்கும் பெற்றோர் உடன் தங்குவதற்கும் அது நல்லது. ஆனால் பழைய வார்டில் ஒரு நர்ஸ் தலையைத் திருப்பினால் நான்கு கட்டில் தெரியும். தனியறையில் கதவு மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. பழைய வார்டின் நர்ஸ் எண்ணிக்கையை அப்படியே புதிய வார்டுக்கு எழுதிவிட்டால், உடல்நிலை சரியும் குழந்தையைத் தாமதமாகத்தான் பார்ப்பார்கள். அந்த எண்ணிக்கையைத் திறப்புக்கு முன்பே உயர்த்தி, ஆட்களை எடுத்து, பழக்கியும் முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நர்ஸ் டப்ளினில் வாடகைக்கு வீடு தேடி அலைவதும் இந்தக் கணக்கில் சேரும். வீடு இல்லாமல் ஆள் நிற்காது.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. காற்று, தண்ணீர், வாயு, மின்சாரம் நான்குக்கும் சுயேச்சையான சோதனையாளரின் அறிக்கையை அறைவாரியாகப் பொதுவெளியில் வையுங்கள். திறப்பை நிறுத்தும் அதிகாரத்தை வாரியத்துக்கும் அமைச்சகத்துக்கும் வெளியே உள்ள ஒரு தொற்றுக் கட்டுப்பாட்டு மருத்துவருக்கும் ஒரு பொறியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். அவர்கள் இருவரும் கையெழுத்திடும்வரை திறப்புத் தேதி எதையும் அறிவிக்காதீர்கள். எந்தக் குழாயை யார் எப்போது திறந்துவிட்டார் என்ற பதிவேட்டை வாரந்தோறும் வெளியிடுங்கள். பழைய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் படுக்கைகளையும் ஆக்சிஜன் இணைப்பையும் கடைசிக் குழந்தை நகர்ந்த நாளிலிருந்து ஆறு வாரம் பிரிக்காமல் வைத்திருக்க இப்போதே பணம் ஒதுக்குங்கள். இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்று உங்கள் பதிலில் ஒவ்வொன்றாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவமனைப் பொறியியலிலும் மருந்தகத்திலும் குழந்தைகள் தீவிர சிகிச்சையிலும் பணிபுரியும் தமிழர்கள்